தூண்டில் முடிச்சு: இக்கட்டில் கைகொடுக்கும் நாலு கட்டு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தூண்டில் பிடித்தே பழக்கமில்லாதவர்கள், அவசரத்துக்கு எந்த முடிச்சைக் கற்றுவைத்துக்கொள்ளலாம் என்று கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. உதாரணங்கள் செட்டிநாட்டுக் கண்மாய்களை வைத்துச் சொல்லப்பட்டவை. முடிச்சு எந்தத் தண்ணீரிலும் ஒன்றுதான்.

சொற்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். நைலான் இழையை நரம்பு என்கிறோம், கடையில் தங்கூசி என்றும் கேட்கலாம். கோலிலிருந்து வரும் நீளமான பக்கம் தாய் நரம்பு. முடிச்சுப் போட்டபின் மிஞ்சும் நுனி வால். தூண்டில் கொக்கியை முள் என்கிறோம், அதன் தலையில் ஊசிக்கு இருப்பது போலத் துளை இருந்தால் அது காது.

எங்கேயாவது மாட்டிக்கொண்டால் முதல் வேலை மீன் பிடிப்பதா?

கிடையாது. குடிதண்ணீர், நிழல், பிறர் கண்ணில் படும்படி இருப்பது, இவை முதலில். சாப்பாடில்லாமல் நல்ல உடம்பு பல நாள் தாங்கும். தண்ணீரில்லாமல் மூன்று நாள் தாண்டுவதே பெரும்பாடு, சித்திரை வெயிலில் அந்தக் கணக்கும் நிற்காது. மீன் புரதம் மிகுந்தது. அது செரித்துக் கழிவு வெளியேற உடம்பு கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். அதனால் காய்ச்சின தண்ணீர் கையில் இருந்தால்தான் மீனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உள்ளதைச் சொன்னால், காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் ஏதாவது ஓர் ஊர் வந்துவிடும். இங்கே இது உதவுவதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ரோடு அறுத்துக்கொண்டு ரெண்டு நாள் தோட்டத்து வீட்டில் முடங்கும்போதுதான். மலைக்கோ தீவுக்கோ போகிறவர்கள் ஊரிலேயே கைப்பழக்கம் செய்துகொண்டு போகலாம்.

மொத்தம் எத்தனை முடிச்சு தெரிய வேண்டும்?

நாலு போதும்: காது வைத்த முள்ளுக்குப் பாலமர், காதில்லாத தட்டை முள்ளுக்குச் சுற்றுக் கட்டு (ஸ்னெல்), ரெண்டு நரம்பைச் சேர்க்க சர்ஜன் முடிச்சு, கோலில் கட்ட ஆர்பர். நாலுக்கும் நேரமில்லை என்றால் முதல் இரண்டு. இருபது முடிச்சைப் படம் பார்த்து வைத்திருப்பவரைவிட, ரெண்டே ரெண்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவருக்குத்தான் இருட்டிலும் மழையிலும் மீன் கிடைக்கும்.

சாதாரணமாக ரெண்டு தடவை முடிந்தால் நிற்காதா?

சணலில் நிற்கும், நரம்பில் நிற்காது. சணலும் பருத்தியும் சொரசொரப்பு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நரம்பு கண்ணாடி மாதிரி வழுக்கும், போதாததற்கு விறைப்பு. முடிச்சைத் தானே தளர்த்திக்கொள்ளப் பார்க்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஒற்றை முடிச்சில் நரம்பு தன்னையே ஓரிடத்தில் கூர்மையாக மடித்து அறுக்கிறது. நரம்பின் நடுவே தற்செயலாக ஒரு முடிச்சு விழுந்தாலே அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 4 கிலோ தாங்குகிற நரம்பு 2 கிலோவில் போய்விடும். நடுவில் அப்படி ஒரு முடிச்சைப் பார்த்தால் அவிழ்க்க மல்லுக்கட்டாமல் அங்கேயே வெட்டிச் சேர்த்துக் கட்டுங்கள். நல்ல தூண்டில் முடிச்சுகளில் பல சுற்றுகள் இருப்பதன் காரணம், இழுவை ஒரே மடிப்பில் விழாமல் எல்லாச் சுற்றுக்கும் பங்காவதற்குத்தான்.

பாலமர் முடிச்சு எப்படிப் போடுவது?

1. நரம்பின் நுனியை 15 செ.மீ. அளவுக்கு மடித்து இரட்டையாக்குங்கள்.
2. மடிந்த நுனியைக் காது வழியாக நுழையுங்கள். காது சின்னதாக இருந்தால் வாலை ஒற்றையாக நுழைத்து, அதே காது வழியாகவே திருப்பிக் கொண்டுவாருங்கள். பலன் ஒன்றுதான்.
3. அந்த இரட்டை நரம்பைக் கொண்டு ஒரு சாதா முடிச்சு. இறுக்கக் கூடாது, முள் அதன் நடுவில் தொங்கட்டும்.
4. மீதியிருக்கும் வளையத்தை முள்ளின் அடியிலிருந்து முழு முள்ளும் உள்ளே போகும்படி மேலே ஏற்றுங்கள்.
5. எச்சில் அல்லது தண்ணீரில் நனைத்து, தாய் நரம்பையும் வாலையும் சேர்த்துப் பிடித்து நிதானமாக இழுங்கள்.
6. வாலை 3 மி.மீ. விட்டு நறுக்குங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நாலாவது படியில். வளையம் காதைத் தாண்டி மேலே ஏறாமல் தண்டிலேயே சிக்கிவிடும். பார்வைக்கு முடிச்சு மாதிரியே இருக்கும், பெரிய மீன் இழுத்ததும் அவிழும். வளையம் சின்னதாகப் போனதுதான் காரணம். நரம்பில் சிக்கனம் பார்த்து 15 செ.மீ.யை 8 செ.மீ. ஆக்குகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். அடுத்த தப்பு, மூன்றாவது படியில் இரட்டை நரம்பு ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்வது. ரெண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும்.

நனைத்தே ஆக வேண்டுமா?

ஆமாம், எல்லா முடிச்சுக்கும். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உரசல் சூட்டில் அதன் மேல்தோல் பொசுங்கும். உற்றுப் பார்த்தால் முடிச்சை ஒட்டி ஒரு விரற்கடை தூரம் நரம்பு சுருள் சுருளாக, வெளுத்துப்போய்த் தெரியும். அந்த இடம்தான் பிறகு அறும். அப்படித் தெரிந்தால் யோசிக்காமல் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். கண்மாய்த் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதை வாயில் வைக்க வேண்டாம், முடிச்சை மட்டும் முக்கி எடுங்கள்.

கடையில் வாங்கின முள்ளில் காதே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, அது தட்டை முள். தண்டின் தலையை நசுக்கித் தட்டையாக்கியிருப்பார்கள், கட்டு நழுவாமல் தடுப்பது அந்தத் தட்டைதான். விலை குறைவு, சின்ன முட்களில் அதிகம் இந்த வகைதான் கிடைக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் விழிக்கிறார்கள், அதில் காட்டுகிற முட்கள் பெரும்பாலும் காது வைத்தவை. இதற்குச் சுற்றுக் கட்டு:

1. முள்ளை இடது கையில், தட்டை மேலேயும் வளைவு கீழேயும் இருக்கும்படி பிடியுங்கள்.
2. நரம்பைத் தட்டைப் பக்கமிருந்து தண்டோடு ஒட்டி வளைவு வரை கொண்டுபோய், அங்கே ஒரு சின்ன வளையம் விட்டு, மறுபடி தட்டை வரை திருப்பிக் கொண்டுவாருங்கள். இப்போது தண்டின் மேல் ரெண்டு இழை படிந்திருக்கும்.
3. வாலைக் கொண்டு தண்டையும் அந்த ரெண்டு இழையையும் சேர்த்துச் சுற்றுங்கள். தட்டைக்குக் கீழே தொடங்கி வளைவை நோக்கி 7 சுற்று, ஒன்றையொன்று ஏறாமல்.
4. வாலை வளைவுப் பக்கம் விட்ட வளையத்துக்குள் நுழையுங்கள்.
5. சுற்றுகளை விரலால் அமுக்கிக்கொண்டே தாய் நரம்பை இழுத்தால் வளையம் மூடி வாலைப் பிடித்துக்கொள்ளும்.
6. நனைத்து, மொத்தச் சுற்றையும் தட்டைக்குக் கீழே நகர்த்தி, தாய் நரம்பையும் வாலையும் எதிரெதிராக இழுத்து இறுக்குங்கள்.

பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். நாரைச் சுற்றிக் காம்பை விரலால் அமுக்குகிற அதே அமுக்கம்தான். அமுக்கின விரல் ஒரு கணம் தளர்ந்தாலும் சுற்றெல்லாம் பாம்புச்சட்டை மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும்.

கடைசியாக ஒன்றைப் பாருங்கள். தாய் நரம்பு தட்டையின் முன்பக்கமாக, அதாவது முள்ளின் கூர்முனை பார்க்கிற பக்கமாக வெளியேற வேண்டும். பின்பக்கமாகப் போனால் தட்டையின் விளிம்பு கத்தி மாதிரி நரம்பை அரைக்கும். கட்டி முடித்ததும் நரம்பை அந்தப் பக்கமாகத் திருகி வைத்துவிட்டால் போதும்.

இதே கட்டைக் காது வைத்த முள்ளுக்கும் போடலாம். அதனால் ஒன்றே ஒன்றுதான் கற்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். மழையில் விறைத்த விரலுக்குப் பாலமர் சுலபம் என்பதால்தான் அதற்கு முதலிடம்.

எல்லோரும் சொல்கிற கிளிஞ்ச் முடிச்சு?

நல்ல முடிச்சுதான். வாலைக் காதில் நுழைத்து, தாய் நரம்பின்மேல் 5 சுற்று சுற்றி, காதை ஒட்டியிருக்கும் சின்ன இடுக்கில் நுழைத்து, அப்போது உருவாகும் பெரிய வளையத்திலும் ஒரு முறை நுழைத்து, நனைத்து இழுத்தால் முடிந்தது. 0.40 மி.மீ.க்கு மேல் தடித்த நரம்பில் சுற்றுகள் சரியாகப் படியாது, பின்னல் நூலில் வழுக்கும். கடைசி நுழைப்பை மறப்பவர்களும் ஏராளம். பாலமர் தெரிந்தவருக்கு இது கட்டாயமில்லை.

என்ன கனத்தில் நரம்பு வாங்குவது?

கண்மாயில் கெண்டை, ஜிலேபி, சின்னக் கெளுத்தி என்றால் 0.25 மி.மீ. போதும். சுமாராக 4 கிலோ தாங்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். விரால் இருக்கிற இடத்தில் 0.35க்குப் போங்கள். அது மாட்டியவுடன் தாமரைக்கொடிக்குள்ளும் கோரைக்குள்ளும் பாயும், அங்கே நரம்பு உரசும். ஒரு நரம்பு மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 0.30.

போன வருஷத்து நரம்பை நம்பாதீர்கள், வெயிலில் கிடந்த நைலான் நொறுங்கும். ஒரு முழம் எடுத்துச் சாதா முடிச்சுப் போட்டு இழுங்கள். லேசாக இழுத்ததுமே பட்டென்று போனால் அந்தச் சுருள் குப்பைக்கு.

ரெண்டு நரம்பைச் சேர்க்க வேண்டிய அவசியம் எப்போது வரும்?

நீளம் போதாதபோது. அதைவிட முக்கியமாக, சீமைக்கருவேலங்கட்டை மூழ்கிக் கிடக்கிற கண்மாயில். முள் கட்டையில் சிக்கினால் எங்காவது அறுந்தே தீரும். எங்கே அற வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். தாய் நரம்பு 0.30 என்றால் முள்ளுக்கு மேலே அரை மீட்டர் மட்டும் 0.20 வைத்துக் கட்டுங்கள். சிக்கினால் முள்ளும் அந்த அரை மீட்டரும்தான் போகும், தக்கையும் மீதி நரம்பும் கையில் இருக்கும்.

சர்ஜன் முடிச்சு: ரெண்டு நுனியையும் எதிரெதிராக 15 செ.மீ. ஒட்டிப் படுக்க வையுங்கள். ரெண்டையும் ஒன்றாகப் பாவித்து ஒரு வளையம் போட்டு, அந்த அரை மீட்டர் துண்டு முழுவதையும் தாய் நரம்பின் வாலையும் சேர்த்து வளையத்துக்குள் மூன்று முறை நுழையுங்கள். நனைத்து, நாலு முனையையும் பிடித்து ஒரே சமமாக இழுங்கள். ஒரு முனை தளர்ந்திருந்தால் முடிச்சு கோணிக்கொள்ளும். முள்ளைக் கட்டுவதற்கு முன்பே இதைப் போட்டுவிடுங்கள், முள்ளோடு வளையத்துக்குள் நுழைப்பது விரலுக்கு ஆபத்து.

கோலில் எப்படிக் கட்டுவது?

நரம்பைக் கோலைச் சுற்றிக் கொண்டுவந்து, தாய் நரம்பின்மேல் ஒரு சாதா முடிச்சு. வாலின் நுனியில் தடையாக இன்னொரு சாதா முடிச்சு. தாய் நரம்பை இழுத்தால் முதல் முடிச்சு கோலைப் போய் இறுக்கும், ரெண்டாவது அதில் முட்டி நிற்கும். இதுதான் ஆர்பர்.

மூங்கிலில் நுனியில் மட்டும் கட்டிவிட்டு விடாதீர்கள். கைப்பிடிப் பக்கத்தில், ஒரு கணுவை ஒட்டிக் கட்டி, நரம்பைக் கோலோடு நாலைந்து சுற்றாக நுனிவரை கொண்டுபோய், நுனியில் ஒரு சுருக்குப் போடுங்கள். கோல் முறிந்தாலும் மீனும் நரம்பும் கையோடு இருக்கும்.

கோலே இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் ஆர்பர் போட்டு, பாட்டிலின் உடம்பில் 10 மீட்டர் நரம்பைச் சுற்றிவையுங்கள். பாட்டிலின் அடிப்பக்கத்தை எறியும் திசைக்குக் காட்டினால் நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். மூடியை இறுக்கி வைத்தால் கை நழுவினாலும் மிதக்கும்.

நரம்பும் இல்லை, முள்ளும் இல்லை. என்ன செய்வது?

அரிசி மூட்டை, உர மூட்டை வாய்த் தையலைப் பாருங்கள். அது சங்கிலித் தையல். சரியான மூலையில் ஒரு நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் நூல் முழுசாக, அறாமல் சரசரவென்று வந்துவிடும். வராமல் இறுகினால் எதிர்மூலையிலிருந்து முயலுங்கள். அந்த நூலை மடித்து ரெண்டாக்கி, ஒவ்வோர் இழையையும் வலப்பக்கம் முறுக்கி, ரெண்டையும் சேர்த்து இடப்பக்கம் பின்னினால் பிரியாத கயிறாகும். மெழுகுவர்த்தி இருந்தால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். இதில் பாலமர் நன்றாக நிற்கும்.

கற்றாழை நாரும் உதவும், ஆனால் ஈரமாக இருக்கும்போதுதான் முடிச்சுப் போட வேண்டும். காய்ந்த நாரை மடித்தால் முறியும். வாழைநார் பூவுக்குத்தான்.

முள்ளுக்கு ஊக்கு. விரித்து, கூர்ப்பக்கத்தைக் கொக்கியாக வளையுங்கள். ஊக்கின் அடியில் சுருள் இருக்கிறதே, அதுவே காது, அதில் நேராகப் பாலமர் போடலாம். மீன் மாட்டினால் கழலாமல் பிடிக்கிற எதிர்முள் இதில் இல்லாததால், கடித்தது முதல் கரை சேரும் வரை நூல் தொய்யவே கூடாது.

ஊக்கும் இல்லாவிட்டால் கருவேல முள்ளில் மூன்று செ.மீ. வெட்டி, ரெண்டு முனையையும் கூராக்கி, நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் கீறி, அந்தப் பள்ளத்தில் நூலை ரெண்டு சுருக்குப் போட்டு இறுக்குங்கள். நூலோடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து மண்புழுவுக்குள் செருகுங்கள். மீன் விழுங்கும்வரை காத்திருந்து இழுத்தால் முள் தொண்டையில் குறுக்கே திரும்பும். பள்ளம் ஆழமில்லாவிட்டால் கட்டு வழுக்கி முனைக்கு ஓடிவிடும், முள் திரும்பாது. இதில் பிடித்த மீனை உயிரோடு திருப்பிவிட முடியாது, அதனால் சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்துக்கு மட்டும்.

தக்கைக்கும் ஈயத்துக்கும் முடிச்சு வேண்டுமா?

தேவையில்லை. பழைய ஹவாய் செருப்பில் புளியங்கொட்டை பருமனுக்கு ஒரு துண்டு வெட்டி, பாதிவரை பிளந்து நரம்பைச் செருகினால் தக்கை, ஆழத்துக்கு ஏற்ப நகர்த்தலாம். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து மூடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. ஈயம் விஷம், கல்லால் தட்டுங்கள். ஈயமில்லாவிட்டால் சைக்கிள் நட்டு ஒன்று போதும்.

வீட்டில் எப்படிப் பழகுவது?

நரம்பில் தொடங்க வேண்டாம். பாவாடை நாடாவும் ஒரு சாவி வளையமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா வழவழப்பு, தடிமன், தப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் இருபது தடவை போட்டபின் நரம்புக்கு மாறுங்கள். பிறகு கையை நனைத்துக்கொண்டு, பிறகு விளக்கை அணைத்துவிட்டு.

சோதிக்க எளிய வழி: முள்ளை ஒரு மரக்கட்டையில் குத்தி உத்தரத்தில் கட்டி, நரம்பின் மறுமுனையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றைத் தொங்கவிடுங்கள். மூன்று கிலோ ஆகிறது. 0.30 நரம்பில் போட்ட நல்ல பாலமர் அசையாது. அவிழ்ந்தாலோ அறுந்தாலோ நுனியைப் பாருங்கள். நுனி முழுசாக இருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது, சுற்று குறைவு அல்லது இறுக்கம் போதாது. அறுந்த நுனி சுருண்டு வெளுத்திருந்தால் நனைக்காமல் இறுக்கியிருக்கிறீர்கள். கீழே முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அறுந்தால் முள் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

வாலை ஒட்ட நறுக்கினால் அழகாக இருக்குமே?

இருக்கும், அவிழவும் செய்யும். 2, 3 மி.மீ. விடுங்கள். நகவெட்டிதான் இதற்குச் சரியான கருவி.

அவசரப் பையில் என்னென்ன வைக்கலாம்?

ஒரு தீப்பெட்டி அளவில் அடங்கும்: 0.30 நரம்பு 10 மீட்டர், 8 முதல் 10 எண் வரையிலான முள் ஐந்து (எண் கூடக் கூட முள் சிறுக்கும்), அதில் மூன்றை அரை மீட்டர் நரம்போடு வீட்டிலேயே கட்டி அட்டையில் சுற்றியது, ஈயக்குண்டு நாலு, ஊக்கு ரெண்டு. வீட்டில் நிதானமாகக் கட்டின முடிச்சு, பதற்றத்தில் கட்டினதைவிட எப்போதும் மேல்.

எந்தத் தண்ணீரில் தூண்டில் போடலாம்?

ஊருணியில் போடாதீர்கள். குடிதண்ணீருக்கென்று ஊர் காக்கிற இடம் அது. கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருக்கும், பழகப் போகிறவர் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றி ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும்தான், தூண்டிலுக்கு வேலையில்லை. மழைக்காலத்தில் மடைக்குப் பக்கத்திலும் கலுங்கு வழிகிற இடத்திலும் நிற்க வேண்டாம், இழுப்பு மேலே தெரியாது.

அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகளுக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அந்தப் பறவைகள் இரை தேடிச் சுற்றுவட்டாரக் கண்மாய்களுக்கும் வரும். நைலான் மக்காது, காலில் சுற்றினால் கால் போய்விடும். சிறு துண்டுகளாக நறுக்கிக் கையோடு கொண்டுவாருங்கள்.

மீனைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

கெளுத்திக்கும் தேளிக்கும் செவுள் பக்கத் துடுப்பில் முள் உண்டு. தேளி குத்தினால் விஷக்கடுப்பு. பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரத்துக்குமேல் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி அடங்கும், வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரி. தூண்டில் முள் விரலில் எதிர்முள்வரை இறங்கிவிட்டால் வந்த வழியே பிடுங்காதீர்கள், சதையைக் கிழிக்கும். நரம்பை வெட்டிவிட்டு முள்ளோடு மருத்துவரிடம் போய் எடுத்து, டிடி ஊசியையும் கேளுங்கள்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளுக்கு மேலே ஒரு சாண் நரம்பை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். சொரசொரவென்று பட்டால் அந்தச் சாணை வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போடுங்கள்.